கமிஷனுக்குக் கொடுத்த சாமான் எங்கே? பழைய பொருள் கடைகளில் வாங்குபவரும் கொடுப்பவரும் படும் பாடு

கேள்வி, 4 ஜனவரி 2025

எங்கள் பூர்வீக வீடு செட்டிநாட்டில். பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து வீட்டைக் காலி செய்தபோது எங்கள் பங்குக்கு வந்த சாமானைப் பழைய பொருள் விற்கும் ஒரு பெரிய கடையில் கமிஷனுக்குக் கொடுத்தோம். பெல்ஜியம் கண்ணாடி இரண்டு, ஒரு மேசைப்பெட்டி, எனாமல் அடுக்குகள், சட்டம் போட்ட ரவிவர்மா படம் ஒன்று. போன வைகாசியில் கொடுத்தது. போன் செய்தால் “இன்னும் போகலை” என்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தால் மேசைப்பெட்டியைக் காணோம். “குடோன்ல இருக்கு, சாவி இப்ப இல்லை” என்கிறார்கள். பழைய சாமான் கடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மைத்துனர் சொல்கிறார். அப்படித்தானா?

4 ஜனவரி, இரவு

அப்படி இல்லை. மைத்துனர் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

கமிஷனுக்குக் கொடுத்த பொருள் விற்கும் வரைக்கும் உங்களுடையது. கடைக்காரர் அதற்குக் காவல், விற்றுத் தரும் முகவர், அவ்வளவுதான். இது நியாயம் மட்டும் இல்லை, சட்டமும்கூட. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 151-ஆம் பிரிவு, பிறர் பொருளை வைத்திருப்பவர் அதைத் தன் சொந்தப் பொருள் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 213-ஆம் பிரிவு, உரிமையாளர் கேட்டால் முகவர் முறையான கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. “சாவி இல்லை” என்பது கணக்கு ஆகாது.

போனில் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி, இருக்கிறதா, விற்றுவிட்டதா, விற்றிருந்தால் எந்தத் தேதியில், என்ன விலைக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி.

கொடுத்தபோது சீட்டு ஏதாவது வாங்கினீர்களா? படம் எடுத்தீர்களா? வீட்டைக் காலி செய்யும்போது பிள்ளைகள் யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள், அதில் பின்னால் தெரிந்தாலும் போதும். தேடுங்கள்.

5 ஜனவரி

நேற்று சட்டம் மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த “குடோன்” என்ற சொல்லிலேயே எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

எங்கள் ஆத்தா தவறிய பிறகு அவருடைய சீர்ச் சாமானில் பாதியை நாங்கள் சகோதரிகள் பிரித்துக்கொண்டோம். மீதி இரண்டாங்கட்டில் அறை முழுக்க அடைந்து கிடந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சாமானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்று என்று எதுவும் இருக்காது. அன்னக்கூடை என்றால் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக இருக்கும். எனாமல் தட்டு என்றால் பந்திக்கே போதும். பாத்திரத்தில் குடும்ப விலாசம், அதாவது குடும்பப் பெயரின் எழுத்துகள், வெட்டியிருக்கும். எந்த வீட்டு மகள், எந்த வீட்டு மருமகள் என்று பாத்திரமே சொல்லும். இதையெல்லாம் எடைக்குப் போட மனம் வரவில்லை. அதனால்தான் கடைக்குக் கொடுத்தோம்.

கடை பெரியது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பத்துச் சாமான். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை. முதல் நாள் மரியாதைக்குக் குறைவில்லை. “ஆச்சி, உங்க சாமானை எங்க சாமான் மாதிரி பார்த்துக்கிறோம்” என்றார் முதலாளி. நான் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்த பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “நம்பிக்கை இல்லையா ஆச்சி?” என்றார். நம்பிக்கை இருப்பதால்தான் கொடுக்கிறேன், கணக்கு வேறு என்று சொன்னேன்.

அப்புறம் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ஆத்தாவுடைய நீலக்கரை போட்ட எனாமல் அடுக்கு, நான்கு தட்டும் ஒரு மூடியும் பிடியும் சேர்ந்தது. அதில் மேல் தட்டு இரண்டும் ஒரு அலமாரியில், கீழ்த் தட்டு வேறு யாருடைய மூடியோடோ எதிர்ச் சுவர் ஓரத்தில். அட்டை எதிலும் இல்லை. பிடியைக் காணவே இல்லை.

அந்த நேரத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி அந்த மேல் தட்டைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இதோட மீதி இருக்கா தம்பி?” என்று அந்தப் பெண் கேட்டார். கடைப் பையன் செல்போனிலிருந்து தலை தூக்காமல் “இருக்கிறதுதான் மேடம்” என்றான். விலை கேட்டார்கள். “முதலாளி வரணும்” என்றான். முதலாளி எப்போது வருவார்? “சொல்ல முடியாது.” அவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். வாங்க வந்தவருக்குப் பொருள் கிடைக்கவில்லை, கொடுத்த எனக்குப் பணம் வரவில்லை, கடைக்கும் கமிஷன் கிடைக்காமல் போயிற்று. நான் அங்கேயேதான் நின்றேன். மீதித் தட்டு பத்தடி தூரத்தில் இருந்தது. அவர்கள் பின்னால் ஓடிப் போய்க் கூப்பிட்டேன், வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து இதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். வாங்குபவரை மதிக்காத கடையும், பொருள் கொடுத்தவரை மதிக்காத கடையும் தனித்தனி இல்லை. எது யாருடையது, எதோடு எது சேரும் என்று எழுதி வைக்காத இடத்தில் இரண்டு பேரும் ஏமாறுவார்கள்.

5 ஜனவரி, மாலை

பிடி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். கிடைத்தது. இன்னொருவர் சாமானோடு ஒரு கோணிக்குள் இருந்தது. நானே உட்கார்ந்து தேடி எடுத்தேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், தேட ஆள் கொடுக்கவில்லை.

7 ஜனவரி

“பழைய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது, இருக்கிறபடிக்குத்தான் வாங்க வேண்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கடைகளில் பலகை எழுதி மாட்டி மாட்டி நம்மையே நம்ப வைத்துவிட்டார்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதுப்பொருளுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. சொந்த உபயோகத்துக்குக் காசு கொடுத்து வாங்கினால் நீங்கள் நுகர்வோர். பில் தராமல் இருப்பது, பொருளின் தரத்தையும் வகையையும் பற்றிப் பொய் சொல்வது இரண்டையும் அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எழுதியிருந்தால் அதற்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. விளிம்பில் எனாமல் பெயர்ந்திருப்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். அதைப் பார்த்து வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் குறை என்று சொன்னால் எடுபடாது. பெயர்ந்த இடத்தைப் பெயின்ட் வைத்து மறைத்து விற்றார்கள் என்றால் கதையே வேறு.

நுகர்வோர் உதவி எண் 1915. இலவசம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

11 ஜனவரி

வாங்குபவர்கள் நிறையப் பேர் “150 வருஷத்துச் சாமான்” என்று சொல்லி விற்றதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

எனாமல் பாத்திரத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள். நம் பக்கம் கிடைப்பதில் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா முத்திரைகள் உண்டு. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்ததே 1918-இல்தான். அந்தப் பெயர் அடியில் இருந்தால் அந்தப் பாத்திரம் அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஜப்பான் முத்திரையில் ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அது இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே இருந்த 1945 முதல் 1952 வரையிலான காலத்துச் சரக்கு. அது ஒன்றும் மட்டம் இல்லை. தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லியே நல்ல விலைக்கு விற்கலாம். எதற்குப் பொய்?

நான் இதைக் கடையில் ஒருவரிடம் சொன்னபோது, “கஸ்டமர் வயசைத்தான் ஆச்சி கேக்குறாங்க” என்றார். வயதைக் கேட்டால் தெரிந்த வயதைச் சொல்லலாமே. அடியில் நாட்டின் பெயரே எழுதியிருக்கிறது.

மரச்சாமானில் திருகாணியைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி போலப் பள்ளம் இருந்தால் அந்தத் திருகாணி 1930-களுக்கு முன்னால் கிடையாது. மேசை பழையதாக இருக்கலாம், கீல் பின்னால் மாற்றியது. அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பின்பலகை பிளைவுட் என்றால் கேட்கவே வேண்டாம்.

பித்தளைக் குத்துவிளக்கு வாங்கப் போகிறவர்கள் சின்னக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். எனாமல் அதற்கு நேர்மாறு, இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியது, அதனால் ஒட்டும். பெயின்ட் வைத்து மூடிய இடத்தை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தால் வண்ணம் பஞ்சில் வரும். உண்மையான எனாமல் அசையாது. நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவர் கடையில் வாங்காதீர்கள்.

12 ஜனவரி

ரவிவர்மா படத்துக்குத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் முதல் கேள்வியிலேயே அது இருக்கிறது. கடையில் “ரவிவர்மா” என்று சொல்வதெல்லாம் அவர் கையால் வரைந்தது இல்லை, அச்சுப்படம். அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார், பிறகு அது லோனாவாலா பக்கத்தில் மளவ்லிக்குப் போனது. அவர் அதை விற்ற பிறகும் படங்கள் அவர் பெயரில் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஆகையால் பழைய கல்லச்சுப் படமும் உண்டு, நேற்று அச்சடித்த நகலும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்றைய அச்சில் புள்ளிகள் ஒரே ஒழுங்காக வட்டம் வட்டமாக நிற்கும். பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போலத் தெரியும்.

உங்கள் படத்தைப் பழைய சட்டத்திலிருந்து பிரிக்க விடாதீர்கள். சில கடைகளில் பழைய சட்டத்தில் புதுநகலைப் போட்டு ஒருவருக்கும், பழைய படத்தைப் புதுச்சட்டத்தில் போட்டு இன்னொருவருக்கும் விற்பார்கள். கமிஷனுக்குக் கொடுத்தவருக்கு ஒரு படத்தின் கணக்குத்தான் வரும்.

18 ஜனவரி

கடை நடத்தும் ஒருவர் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சில விஷயங்களை அவர் பக்கமிருந்தும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பழைய பொருள் வியாபாரம் அரிசிக் கடை மாதிரி இல்லை. ஒரு கண்ணாடி போவதற்கு வருடம் ஆகலாம். அதுவரை இடம் அடைக்கும், கரையான் வரும், மழைக்காலத்தில் ரசம் உதிரும். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் எடுத்துப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதைவிடப் பெரிய தலைவலி பங்காளித் தகராறு. ஒரு புள்ளி, அதாவது பங்காளிகளில் ஒரு குடும்பத்துக்காரர், பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார், அடுத்த வாரம் இன்னொரு புள்ளி வந்து “எங்கள் வீட்டுச் சாமானை எப்படி விற்றாய்?” என்று சட்டையைப் பிடிப்பார். பொது வீட்டுச் சாமான் என்றால் அத்தனை பேர் சம்மதம் வேண்டும். யார் கையெழுத்தும் இல்லாமல் சாமானை இறக்கிவிட்டுப் போகிறோம் என்று அவர் சொல்வது நியாயம்தான். நம் பக்கத்திலும் அந்த அலட்சியம் இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய பொருள் கடைகளில் பொறுமையாக உட்கார வைத்து, அடுக்கைக் கழற்றிக் காட்டி, எது எந்தப் பக்கத்து வேலை என்று சொல்லித் தரும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். எதுவும் வாங்காமல் வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். வீடுகள் இடிபடும்போது விறகாகப் போயிருக்க வேண்டிய எத்தனையோ பர்மாத் தேக்குத் தூணையும் கதவையும் காப்பாற்றியது இந்தத் தெருக்காரர்கள்தான். அதனால் எல்லாக் கடையையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுகிறவர்களோடு நான் சேரவில்லை.

இருந்தாலும் அவர் கடிதத்தில் ஒரு வரியை ஏற்க முடியவில்லை. “இது நம்பிக்கையில் நடக்கும் தொழில், பேப்பர் வைத்து நடத்த முடியாது” என்கிறார். நம் ஐயாக்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் செய்தது நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பேரேடு இருந்தது, நாள் தவறாமல் எழுதினார்கள். கணக்கு எழுதியதால்தான் கடல் தாண்டிப் பணம் போய் வந்தது. அந்த வீட்டுச் சாமானை விற்கும் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க முடியாதா?

19 ஜனவரி

வெளிநாட்டில் எப்படி என்று ஒருவர் கேட்டார். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது அங்கே ஆன்டிக் மால் என்ற இடங்களைப் பார்த்தேன். பெரிய கட்டடம், உள்ளே சின்னச் சின்னத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பும் ஒருவருடையது. அவர் மாத வாடகை கட்டுவார், பல இடங்களில் விற்பனையில் ஒரு பங்கும் கொடுப்பார். பொருள் ஒவ்வொன்றிலும் விற்பவரின் எண், விலை, பொருளின் பெயர் எழுதிய சீட்டு. பணம் கட்டுவது வாசலில் ஒரே இடத்தில். அங்கே சீட்டைப் பார்த்து அந்த எண்ணின் கணக்கில் வரவு வைப்பார்கள். விற்பவர் கடையில் இருக்க வேண்டியதே இல்லை, மாதம் முடிந்ததும் கணக்கும் காசோலையும் அவருக்குப் போகும்.

குறை இல்லாமல் இல்லை. விலை உயர்ந்தவை பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருக்கும். சாவி கொண்டு வரச் சொல்லி மணி அடித்துவிட்டு நின்றுகொண்டே இருக்க வேண்டும். நான் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழைப் பார்க்க நின்றேன், நம் நாட்டுச் சாமான். வந்த பெண்மணி திறந்து காட்டிவிட்டு நான் கையில் எடுப்பதற்குள் மூடிவிட்டார். சீட்டில் அதை மாத்திரை டப்பி என்று எழுதியிருந்தார்கள். அங்கே கடை போட்டிருந்த ஒரு முதியவரிடம் பேசினேன். சாமான் களவு போனால் நிர்வாகம் பொறுப்பேற்பதில்லை, யாராவது விலை குறைத்துக் கேட்டால் தனக்குப் போன் செய்து கேட்கக்கூட மாட்டார்கள், வாங்க வந்தவர் போய்விடுவார் என்று அவரும் வருத்தப்பட்டார். எனக்கு நம் ஊர்க் கடைப் பையன் ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தச் சீட்டு ஒன்று போதும். களவு போனால்கூட எது போனது என்று அவரால் சொல்ல முடிந்தது.

2 பிப்ரவரி

இது முக்கியம். கொடுப்பவரைப் பயமுறுத்தி விலையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. “ஆச்சி, இது நூறு வருஷத்துச் சாமான், தொல்லியல் துறை வந்து பிடிச்சுக்குவாங்க, நான் எடுத்துக்கிறதே பெருசு” என்பார்கள். என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் உறவில் ஒரு ஆச்சி இதற்குப் பயந்தே ஒரு நல்ல நிலைக்கதவை மட்டமான விலைக்குக் கொடுத்துவிட்டார்.

சட்டம் இருப்பது உண்மை. தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம், 1972. நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5. நூறு வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப்பொருளும் அதில் வரும். ஓலைச்சுவடி போன்ற முக்கியமான கையெழுத்துப் படிகளுக்கு 75 வருடம். இவற்றை நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை. சிலை, ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், கை மாறினால் தெரிவிக்கவும் வேண்டும். இந்தியாவுக்குள்ளே பழம்பொருளை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும்.

கவனியுங்கள், உரிமம் வேண்டியது வியாபாரிக்கு. வீட்டுக்காரர் தன் வீட்டில் பழைய கதவோ மேசையோ வைத்திருப்பது குற்றம் இல்லை. “பிடிச்சுக்குவாங்க” என்று சொல்கிறவரிடம் “உங்கள் உரிமத்தைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பேச்சு உடனே மாறும். நம் எனாமல் சாமானில் முக்கால்வாசி நூறு வயதைத் தொட்டிருக்கவே தொடாது. வாங்க வருகிறவரிடம் 150 வருடம், கொடுக்க வருகிறவரிடம் சட்டப் பயம், இரண்டும் ஒரே பாத்திரத்துக்கு ஒரே கடையில் நடக்கிறது.

சாமி சிலை விஷயம் மட்டும் வேறு. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். தமிழ்நாடு போலீசில் இதற்கென்றே 1983-இலிருந்து சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. யானைத் தந்தம் பதித்த பெட்டி, சிமிழ் போன்றவற்றையும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். தந்த வியாபாரம் இந்தியாவில் முழுக்கத் தடை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் பழைய சாமான் அனுப்புகிறவர்கள் இந்தியத் தொல்லியல் துறையிடம் “இது தொல்பொருள் இல்லை” என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. அதை வாங்கித் தருகிறேன் என்று கடையில் பணம் வாங்கினால் அதற்கும் ரசீது கேளுங்கள்.

3 பிப்ரவரி

கமிஷனுக்குக் கொடுத்த சாமானுக்குக் கேட்காமலே பாலிஷ் போட்டுவிட்டார்கள் என்று எழுதியவருக்கு. அது கடையின் தவறுதான், சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுக் கல்லாப்பெட்டியின் மூடி உள்பக்கம் மையால் ஊர்ப் பெயரும் வருடமும் எழுதியிருந்தது. தேய்த்து வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைத்துவிட்டார்கள். எழுத்தும் போயிற்று, அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்பதும் போயிற்று. அதோடு “பாலிஷ் கூலி” என்று கணக்கில் கழித்தார்கள். வண்டி வாடகை, துடைத்த கூலி, இடவாடகை என்று பேசாதது எல்லாம் கடைசியில் வந்தது. கையெழுத்து வாங்கிய பட்டியலில் கமிஷன் விகிதம் எழுதியிருந்ததால் மறுக்க முடிந்தது. மையெழுத்துக்கு யாரிடம் போய் மறுப்பது?

15 பிப்ரவரி

சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். பெரிய பத்திரம் வேண்டாம். பொருள் என்ன, எத்தனை உருப்படி, எதோடு எது சேரும் என்பது முதலில். “அடுக்கு ஒன்று” என்று எழுதாதீர்கள், “தட்டு நான்கு, மூடி ஒன்று, பிடி ஒன்று, சேர்த்தே விற்க வேண்டும்” என்று எழுதுங்கள். இருக்கும் பழுதையும் எழுதுங்கள், பின்னால் “முதலிலேயே உடைந்திருந்தது” என்று சொல்ல இடம் இருக்காது. எந்த விலைக்குக் கீழே கேட்காமல் கொடுக்கக் கூடாது, கமிஷன் எவ்வளவு, வேறு எந்தச் செலவைக் கழிக்கலாம், விற்றால் எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் எப்போது திரும்ப எடுக்கலாம், இவை போதும். பாலிஷ், பழுது பார்ப்பது, படச்சட்டம் மாற்றுவது எதுவும் கேட்காமல் செய்யக் கூடாது என்று ஒரு வரி. இரண்டு பக்கமும் கையெழுத்து. ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, விலாசம் வெட்டிய இடத்தை அருகில் ஒரு படம்.

விலாசம் வெட்டிய படம்தான் நாளைக்குக் காப்பாற்றும். அதே மாதிரிப் பாத்திரம் ஆயிரம் இருக்கும், உங்கள் விலாசம் போட்டது உங்களுடையது மட்டும்தான்.

வாங்குபவர்கள் பில்லில் “பழைய சாமான்” என்று எழுத விடாதீர்கள். கடைக்காரர் வாயால் சொன்னதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். “எனாமல் அடுக்கு, சுவீடன், முழு செட், ஒரு தட்டில் விளிம்பு பெயர்ந்தது” என்று இருக்கட்டும். 150 வருடம் என்று சொன்னால் அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேனாவை எடுத்ததும் வயது குறையும்.

16 பிப்ரவரி

ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்று ஒருவர் எழுதியது முழுக்க உண்மை. சென்னை வண்டி வாசலில் நின்றால் ஒரு விலை, உள்ளூர்ப் பேச்சைக் கேட்டால் ஒரு விலை. பேரம் பேசுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பழைய பொருளில் பேரம் உண்டு. ஆனால் கமிஷன் சாமானில் விலையை வாசலுக்கு ஏற்ற மாதிரி மாற்றினால், அதிகப்படி யாருக்குப் போகிறது? கொடுத்தவருக்கு அட்டையில் எழுதிய விலைக்குத்தான் கணக்கு வரும். மீதி முதலாளி பைக்குப் போகும். ஒப்பந்தச் சட்டத்தில் 216-ஆம் பிரிவு, உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் அவர் வேலையில் தனக்கென்று சம்பாதித்ததை உரிமையாளர் கேட்கலாம் என்கிறது. அதனால்தான் விற்ற பில்லின் நகலைக் கேட்க வேண்டும். வாங்குபவர் பில் கேட்டால்தான் அந்த நகல் பிறக்கும். நீங்கள் வாங்கும்போது பில் கேட்பது, முகம் தெரியாத ஒரு ஆச்சிக்குச் செய்யும் உதவி.

1 மார்ச்

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் பொருள் வாரியாகக் கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. காலி செய்த நாளில் பேரன் எடுத்த படத்தில் மேசைப்பெட்டியும் கண்ணாடிகளும் தெளிவாக இருந்ததாம், அதை அனுப்பி, 1915-இல் பேசப் போகிறேன் என்று எழுதியதும் குடோன் சாவி கிடைத்துவிட்டது. மேசைப்பெட்டி கார்த்திகையிலேயே விற்றுப்போயிருக்கிறது. அதற்குப் பணம் வந்துவிட்டது. கண்ணாடிகளையும் படத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். எனாமல் அடுக்குகளில் ஒன்று இன்னும் காணவில்லை.

பணம் வந்ததே என்று விட்டுவிடலாமா என்று கேட்கிறார். விட வேண்டாம். மேசைப்பெட்டி விற்ற பில் நகலைக் கேளுங்கள், எவ்வளவுக்குப் போனது என்று தெரியட்டும். காணாமல் போன அடுக்குக்கு, விலாசத்தையும் தட்டு எண்ணிக்கையையும் எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், சேர்ந்ததற்கான சான்றோடு. பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட ஆணையத்தில் மனு. கடைக்காரர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால் மரியாதையாக உட்கார வைத்துப் பேசுங்கள், எழுதிய கடிதத்தை மட்டும் திரும்ப வாங்காதீர்கள்.

கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூசலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு: பூசாதீர்கள். ஓரத்தில் கறுத்திருந்தாலும் பழைய ரசம் இருந்தால்தான் தேடி வருகிறவர் வாங்குவார். ஈரச் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம். பின்பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.